எண்ணெய்க் கிடங்கு அகன்ற பின்: மண்ணையும் நிலத்தடி நீரையும் மதிப்பிடுதல்

(அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் வடிவம்)



பல ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. பழைய எரிபொருள் கிடங்கு இருந்த நிலத்தைக் குடியிருப்புக்கென மாற்றிக் கொடுப்பது அதன் பொருள். நிலத்தின் மதிப்பு, வேலிச் செலவு, சாலைச் செலவு யாவும் அதில் கணக்கிடப்பட்டிருந்தன. மண்ணைத் துளையிட்டுச் சோதிக்கும் செலவு மட்டும் இல்லை. நானும் அதைக் கேளாமலே கையொப்பமிட்டேன். பொருளாதாரம் பயின்றவன் செய்யத்தகாத பிழை அது. நிலத்தின் கணக்கில் சேராத கடனை அண்டை வீட்டுக் கிணற்றுக்காரர் செலுத்த நேரிடும். அந்தக் கோப்பே இன்றைய உரைக்குத் தூண்டுதல்.

ஹவாய்த் தீவுகளின் ஓவாஹூவில், 1940-க்கும் 1943-க்கும் இடையே, அமெரிக்கக் கடற்படைக்காக ரெட் ஹில் மலைக்குள் 20 எண்ணெய்த் தொட்டிகள் குடைந்து அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றின் கொள்ளளவும் சுமார் 4.7 கோடி லிட்டர். அவற்றுக்கு ஏறத்தாழ 100 அடி கீழே குடிநீர் ஊற்று இருந்தது. 2014-ல் ஒரு தொட்டியிலிருந்து சுமார் 1 லட்சம் லிட்டர் கசிந்தது. அதன் பின் ஆய்வுகளும் உடன்படிக்கைகளும் தொடர்ந்தன. ஆயினும் நிலத்தடி நீர் எத்திசையில் பாய்கிறது என்பதிலேயே கடற்படைக்கும் ஹொனலுலு நீர் வாரியத்துக்கும் கருத்து வேறுபாடு நீடித்தது. 2021 நவம்பரில் மீண்டும் எண்ணெய் கசிந்து குடிநீர்க் கிணற்றை அடைந்தது; சுமார் 93,000 பேர் பயன்படுத்திய குடிநீர் அமைப்பு மாசுற்றது. 2022 மார்ச்சில் கிடங்கை நிரந்தரமாக மூட முடிவாயிற்று. தொட்டிகள் காலியாகிவிட்டன, மண்ணையும் நீரையும் ஆராயும் பணி அத்துடன் முடிந்துவிடவில்லை.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? முதலாவது, மதிப்பீடு ஏடுகளிலிருந்து தொடங்க வேண்டும். தொட்டிகள், குழாய்கள், லாரி நிரப்பும் மேடை ஆகியவை இருந்த இடங்களைக் காட்டும் பழைய வரைபடங்களும், இருப்புக் குறைவு பதிந்த பேரேடுகளும் துளையிட வேண்டிய இடத்தைக் கூறும். ஓய்வு பெற்ற தொழிலாளரின் நினைவும் ஒரு சான்றே.

இரண்டாவது, நீரோட்டத்தின் திசையை அறிய ஒரு கிணறு போதாது. ஒரே நேர்க்கோட்டில் அமையாத மூன்று கண்காணிப்புக் கிணறுகளேனும் வேண்டும். மாசு சேராத மேல்பக்கத்தில் ஒன்று இருந்தால்தான் ஒப்பிட இயலும்.

மூன்றாவது, பருவத்தைக் கருத வேண்டும். பெட்ரோலும் டீசலும் நீரைவிட எடை குறைந்தவை. ஆதலால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கின்றன. மழையில் நீர்மட்டம் உயர்ந்து கோடையில் தாழும்போது, எண்ணெய் மண் அடுக்குகளில் பூசினாற்போல் படிகிறது. எனவே, பருவமழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்தல் அவசியம். ஒரு முறை எடுத்த மாதிரியில் மாசு இல்லை என்பதால் நிலம் தூயது என்று சான்றளித்தல் தகாது.

நான்காவது, கண்ணுக்குப் புலப்படாததைத் தேட வேண்டும். பெட்ரோலில் உள்ள பென்சீன் நீரில் கரைந்து நகர்வது, புற்றுநோய் உண்டாக்குவது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்பதே அதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு. நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. அதற்கு முற்பட்ட கிடங்குகளில் ஈயத்தையும் சோதிக்க வேண்டும். மண்ணிடைக் காற்றில் பரவும் ஆவி, மேலே கட்டப்படும் வீட்டினுள் புகக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

சட்டம் இப்போது துணை நிற்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-ல் உறுதி செய்தது. மாசுற்ற இடங்களை மேலாளுவதற்கான மத்திய அரசின் விதிகள் 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. ஐயத்துக்குரிய இடம் பற்றித் தகவல் வந்ததும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்ட மதிப்பீடு செய்ய அவை வழிவகுக்கின்றன. ஆனால் தகவல் தர வேண்டியோர் உள்ளாட்சியும் மாவட்ட நிர்வாகமுமே. அவர்கள் பார்க்கத் தவறினால் விதி ஏட்டிலேயே நிற்கும்.

சோதனைக்குச் செலவாகும் என்பது உண்மையே. ஆனால் சோதியாமல் விட்டால் அச்செலவு மறைந்துவிடுவதில்லை. கணக்கில் குரல் இல்லாதவர் தலையில் ஏறுகிறது. கோப்பில் கையொப்பமிடுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்நிலத்தின் கீழ்ப்பக்கத்தில் யாருடைய கிணறு இருக்கிறது? அக்கேள்வியை அன்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.