சாக்லேட் காய்க்கும் மரம்



1989ஆம் ஆண்டு. திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பிற்குப் பயன்தரும் மரங்களைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஒரு பலா மரத்தை வரைந்தேன். மாவும் புளியும் கிளைகளில் காய்க்க, பலா மட்டும் அடிமரத்திலேயே காய்க்கும் சிறப்பை எடுத்துரைத்தேன். அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். “சார், சாக்லேட் எந்த மரத்தில் காய்க்கும்?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். “அப்படியொரு மரம் இருந்தால் என் வீட்டிலும் ஒன்று நட்டுவிடுவேனே!” என்று வேறு சொன்னேன். சிறுவன் உட்கார்ந்துவிட்டான். அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறு எந்த வினாவும் கேட்கவில்லை. நானும் அதனை அன்றே மறந்துவிட்டேன்.

ஓய்வு பெற்று விழுப்புரத்தில் வாழும் எனக்கு அந்த வினா மீண்டும் நினைவுக்கு வந்தது என் பேத்தியால். கல்லூரியில் படிக்கும் அவள், “தாத்தா, நம் மாவட்டத்திலேயே சாக்லேட் செய்கிறார்களாம், போய்ப் பார்ப்போமா?” என்றாள். திண்டிவனம் வந்து, புதுச்சேரிச் சாலையில் மொரட்டாண்டியில் இறங்கி, செம்மண் பாதையில் ஆரோவில் சென்றோம். அங்கே 2014ஆம் ஆண்டில் ‘மேசன் அண்ட் கோ’ என்னும் நிறுவனத்தார், கொக்கோ விதையை வாங்கிச் சாக்லேட்டாக முடிப்பது வரை எல்லாப் பணியையும் தாமே செய்யும் தொழிலைத் தொடங்கினர். அன்று கண்டவற்றையும், பின்னர்ப் படித்துத் தெளிந்தவற்றையும் சேர்த்தே உங்களுக்குச் சொல்கிறேன்.

கொக்கோ விதை பார்வைக்குப் பெரிய பாதாம் பருப்பைப் போன்றது. முதலில் அதனை வறுக்கிறார்கள். பின்பு உடைத்துத் தோலைப் புடைத்து நீக்குகிறார்கள். நம் வீட்டு முறம் செய்யும் வேலையை அங்கே காற்று செய்கிறது. எஞ்சிய பருப்பில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. அதற்குக் கொக்கோ வெண்ணெய் என்று பெயர். ஆதலின், அரைக்க அரைக்க அது மாவாகாமல் குழம்பாகிறது. தண்ணீர் ஒரு துளியும் சேர்ப்பதில்லை.

அரைக்கும் இயந்திரத்தைக் கண்டதும் எனக்கு வியப்பு. கருங்கல் உருளைகள் கருங்கல் தளத்தின்மீது சுழல்கின்றன. அது நம் இட்லி மாவு கிரைண்டரின் உறவுதான்! 1955இல் கோயம்புத்தூரில் தோன்றியது அந்தக் கிரைண்டர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சிறு அளவில் சாக்லேட் செய்ய முற்பட்டவர்கள், கோவையில் செய்த மேசைக் கிரைண்டரையே சற்று மாற்றிப் பயன்படுத்திக்கொண்டார்கள். உளுந்துக்கு அரை மணி போதும். கொக்கோவிற்கோ ஒரு நாளுக்கு மேல், சில சமயம் மூன்று நாள் வரை சுழல வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஐம்பது பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு நுண்மையாகத் துகள்கள் தேய வேண்டும். அப்போதுதான் நாவில் மணல்போல் உறுத்தாது.

இனி ஒரு நுட்பம். அரைத்த குழம்பை அச்சில் ஊற்றி ஆறவைத்தால் போதாதா? போதாது. கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் ஐந்தாம் வகை ஒன்றுதான் பளபளப்பும், ‘படக்’கென்று ஒடியும் உறுதியும் தரும். ஆகவே குழம்பை 45 பாகைக்கு மேல் உருக்கி, 28 அளவிற்குக் குளிர்வித்து, மீண்டும் 31 வரை சூடாக்கி, மற்ற வகைகளைக் கரைத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் நிலைக்கச் செய்கிறார்கள். அது உருகுவது ஏறத்தாழ 34 பாகையில். நம் உடல் வெப்பமோ 37. அதனால்தான் சாக்லேட் வாயில் இட்டதும் கரைகிறது. விழுப்புரத்துக் கத்திரி வெயில் 40ஐத் தொடும்போது சட்டைப் பையிலேயே கரைந்துவிடுவதும் அதனால்தான்.

சாக்லேட்டைக் கட்டியாக உண்ணும் வழக்கம் மிகப் பழையதன்று. மெக்சிகோ நாட்டுப் பழங்குடிகள் கொக்கோவைக் கரைத்துக் குடித்தார்கள். 1847இல்தான் இங்கிலாந்தில் பிரை நிறுவனத்தார் அதனைக் கட்டியாக வார்த்தனர்.

திரும்பும் வேளையில், வறுக்காத விதை ஒன்றை முகர்ந்து பார்த்தேன். புளித்த காடியின் நெடி! காரணம் கேட்டபோது, “அது தோட்டத்தில் நடக்கிற வேலை, ஐயா” என்றார் பணிபுரிந்த பெண்மணி. அந்தப் பதிலோடு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் இயலவில்லை. அடுத்த விடுமுறையில் பேத்தியுடன் பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலைக்குச் சென்றேன்.

அங்கே தென்னை மரங்களின் நிழலில் கொக்கோ ஊடுபயிராக வளர்கிறது. தமிழ்நாட்டிற்கு இது புதிய பயிரும் அன்று. 1798இலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் இதனைப் பயிரிட்டனர்.

காயைப் பிளந்தால் முப்பது, நாற்பது விதைகள், வெண்ணிறச் சதையில் பொதிந்துள்ளன. சதை இனிக்கிறது, விதையோ வாயில் வைக்கவொண்ணாத கசப்பு. விதைகளைச் சதையோடு குவித்து, வாழையிலையால் மூடி, ஐந்தாறு நாள் புளிக்க விடுகிறார்கள். சதையிலுள்ள சர்க்கரை முதலில் சாராயமாகிறது, பிறகு காடியாகிறது. குவியலின் உள்ளே கைவைத்துப் பார்த்தேன், சுட்டது. வெப்பம் 45 பாகையைத் தாண்டுமாம். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதையின் முளை மடிகிறது. பின்னர் அதன் உள்ளேயே மாறுதல்கள் நிகழ்ந்து, சாக்லேட்டின் மணத்திற்கு வேண்டிய பொருள்கள் உண்டாகின்றன. புளிக்காத விதையை எத்துணை வறுத்தாலும் அந்த மணம் வாராது. ஆகவே சுவையில் பாதி, ஆலை வாயிலை அடையுமுன்பே உழவர் கையில் முடிந்துவிடுகிறது. கண்ணைக் கவரும் உறைகளில் எத்தனையோ செய்திகளை அச்சிடுகிறார்கள். அந்த உழவரைப் பற்றிய சொல் பெரும்பாலானவற்றில் இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டே நிமிர்ந்து மரத்தைப் பார்த்தேன். ஒரு சாண் நீளக் காய்கள், சில பச்சை, சில மஞ்சள். கிளை நுனியில் ஒன்றும் இல்லை. பலாவைப் போலவே, அடிமரத்தின் பட்டையிலிருந்து நேராகத் தொங்கின! அருகே நகத்தளவு வெண்பூக்கள். கொசுவினும் சிறிய ஈக்கள் வந்து மகரந்தம் சேர்த்தால்தான் அவை காயாகும் என்றார் தோப்புக்காரர். நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. கரும்பலகையில் நான் வரைந்த பலா மரமும், அதன் எதிரே நின்ற சிறுவனும் என் கண்முன் நின்றார்கள்.

அவனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எந்த ஊரில் இருக்கின்றானோ அறியேன். இந்தப் பேச்சு அவன் காதில் விழுமானால், அன்று வகுப்பில் சொல்லத் தவறிய விடையை இன்று சொல்கிறேன்: தம்பி, அந்த மரத்திற்குக் கொக்கோ என்று பெயர். நான் வரைந்திருந்த பலாவைப் போலவே அடிமரத்தில் காய்க்கிறது.