மூன்றாவது கோரிக்கை



தமிழ் தொன்மையானது. தமிழ்த் தேசியமோ நேற்று வந்தது. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் யார்? சேர் பொன்னம்பலம் அருணாசலம். டொனமூர் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தவர்கள் யார்? யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ்காரர். முழுத் தீவுக்கும் விடுதலை கேட்ட அந்தத் தமிழனைத் தன் வழி பார்க்க வைத்தவை சட்டங்கள் ஐயா, சட்டங்கள்!

1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. கொழுந்து கிள்ளிய மலையக மக்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். மறுவருடமே தந்தை செல்வா தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம். ஓகஸ்டில் கட்சித் தொண்டர்கள் கால்நடையாக எங்கள் திருமலைக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கே கூடிய மாநாடு நான்கு கோரிக்கைகளை வைத்தது. சமஷ்டி; தமிழுக்குச் சம அந்தஸ்து; மலையகத் தமிழருக்குப் பிரசாவுரிமை; தமிழ்ப் பிரதேசங்களில் அரச குடியேற்ற நிறுத்தம்.

அந்த மூன்றாவதைப் பாருங்கள். வாக்குரிமையே பறிபோன மக்களுக்காகக் கேட்டது அது. கட்சிக்கு அதனால் ஒரு வாக்கும் வராது. 1961இல் கச்சேரி வாசல்களில் குந்தியிருந்து மறியல் செய்தபோது, கிழக்கின் முஸ்லிம் சகோதரர்களும் அந்தப் போராட்டத்தில் பங்கெடுத்தார்கள்.

பஷ்தூன்களின் கதையும் இப்படித்தான். 1893இல் வெள்ளைக்காரன் கீறிய டியூராண்ட் கோடு அவர்களை இரண்டாகப் பிரித்தது. 1929இல் கான் அப்துல் கபார் கான் தொண்டர் படை திரட்டினார். பரம்பரைப் பகையை விடுங்கள் என்றார், இந்தியா முழுவதற்கும் விடுதலை கேட்டார். 1947இல் அவர்களின் மாகாணத்தில் நடந்த வாக்கெடுப்பில் இந்தியாவா, பாகிஸ்தானா என்று மட்டுமே கேட்டார்கள். தனிப் பஷ்தூனிஸ்தானுக்கு இடமே வைக்கவில்லை. மாகாணத்தின் பெயரில் தங்கள் இனத்தைக் காண 2010 வரை காத்திருந்தார்கள்.

ஒடுக்குமுறை ஓர் இனத்தை ஒன்றாக்கும். பெரிய மனதுக்காரர் ஆக்கிவிடாது. 1990இல் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியது அந்த மூன்றாவது கோரிக்கைக்கே துரோகம். ஆகவே தம்பிமாரே, கிண்ணியாவிலும் மூதூரிலும் ஒருவன் தன் காணிக்காக நியாயம் கேட்டால், அவன் யாரென்று பார்க்காமல் பக்கத்தில் போய் நில்லுங்கள். அடுத்தவனுக்காகவும் கேட்கிற தேசியத்தைத்தான் திருமலை உலகுக்குச் சொன்னது. அதையே நாங்களும் சொல்லுவோம்!