பலம் இடுப்பில் இருக்கிறது

தரமணியிலிருந்து பக்கம்தான், கிண்டி ரேஸ் கோர்ஸ். அதற்குள்ளே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. மொத்தம் 18 குழிகள். நடந்தே ஆடி முடித்தால் சில மணி நேரம் ஆகும். அதற்குக் கால் வேண்டும். பந்தை அடிக்கக் கை வேண்டுமா? கையைவிட இடுப்புதான் வேண்டும்.

ஈரத் துண்டைப் பிழிகிறோம் இல்லையா? ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, மறு முனையைத் திருகுகிறோம். கோல்ஃப் அடியும் அப்படித்தான். கால் ஊன்றி நிற்கும், மேலுடம்பு திரும்பும். பலம் இடுப்பிலிருந்து வரும்.

தரமணி ஐ.டி. அலுவலகங்களில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. இடுப்பு இறுகிவிடுகிறது. பாவம், அங்கே வேலை செய்பவர்கள் கோல்ஃப் ஆடும்போது கையை மட்டும் வீசி முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

வீட்டிலேயே சரிசெய்யலாம். கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள். 10 தடவை போதும். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், பக்கத்தில் சுவர் இருக்கட்டும். பிறகு கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மெதுவாக இரண்டு பக்கமும் திரும்புங்கள். வலது கைக்காரர்கள் இடது பக்கத்தை மறந்துவிடாதீர்கள். இடுப்பு திரும்பட்டும், மூச்சை அடக்க வேண்டாம்.

முதுகுவலி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.