அடி, குடும்ப விஷயம் அல்ல



"அது அவங்க குடும்ப விஷயம், நமக்கு எதுக்கு வம்பு?" ஜொகூரின் குளுவாங் தோட்டத்து லயத்தில் கேட்ட சொல் இது, இன்று மாசாய் அடுக்குமாடியிலும் கேட்கிறது. லயத்தில் பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் பாத்திரம் உருள்வதும் பிள்ளை வீறிடுவதும் காதில் விழும். வானொலிச் சத்தத்தைக் கூட்டினோம். இன்று சுவர் சிமெண்டு. கூட்டுவது தொலைக்காட்சிச் சத்தம். நம் மௌனம் மட்டும் மாறவில்லை. அந்த மௌனம்தான் அடிப்பவனுக்குக் கிடைக்கும் அனுமதி.

மலேசிய நாட்டின் சட்டம் அந்த அனுமதியைத் தரவில்லை. பெண்கள் அமைப்புகளின் நெடும் போராட்டத்தால் 1994இல் நிறைவேறிய குடும்ப வன்முறைச் சட்டம், 1996 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. இன, மத பேதமின்றி எல்லாருக்கும் பொருந்தும். 2012இல் மனத்தை வதைப்பதும் வன்முறை என்று சேர்த்தார்கள். 2017 திருத்தத்தின்படி, போலீஸ் புகார் இல்லாமலேயே சமூகநலத் துறை அதிகாரி 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். அரசியலமைப்பின் 8(2)ஆம் பிரிவில் பாலினப் பாகுபாடும் கூடாது என்று 2001இல் எழுதிச் சேர்த்தாயிற்று. வாக்குச் சாவடியில் சமமானவள், சமையற்கட்டில் மட்டும் எப்படித் தாழ்ந்து போவாள்?

"எல்லாம் குடியால் வருவது" என்பார்கள். குடித்தவன் முதலாளியை அடிக்கிறானா? போலீஸ்காரரை அடிக்கிறானா? திருப்பி அடிக்க மாட்டாள் என்று தெரிந்த ஒருத்தியைத் தேடி வீடு வரை நிதானமாக வருகிறானே! கையை ஓங்க வைப்பது கள் அல்ல, "இவள் எனக்குக் கீழே" என்ற நினைப்பு. அதனால்தான் சம உரிமையைப் பேசாமல் வன்முறையை ஒழிக்க முடியாது என்கிறேன். "புகார் செய்தால் குடும்பம் உடையும்" என்பார்கள். உடைப்பது அடி, புகார் அல்ல. பாதுகாப்பு ஆணை விவாகரத்தும் அல்ல. 'கை வைக்காதே' என்ற கட்டளை. "பொய்ப் புகார் வருமே" என்றால், திருட்டிலும் வரும். அதற்காகத் திருட்டுப் புகாரே வேண்டாம் என்கிறோமா? விசாரிக்கப் போலீஸ் உண்டு, தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் உண்டு. "ஆண்களும் அடிபடுகிறார்களே" என்போருக்கும் விடை உண்டு: அவர்களையும் இதே சட்டம் காக்கிறது.

ஆகவே கோயில் நிர்வாகத்தாரை வேண்டுகிறேன்: தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999ஐத் திருவிழா அறிவிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். பெரியவர்களே, வீங்கிய முகத்தோடு வரும் பெண்ணிடம் "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லாதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சுவருக்கு அப்பால் அலறல் கேட்டால் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டாதீர்கள். அணைத்துவிட்டு, போனை எடுங்கள்.