சின்னஞ்சிறு மின்னணு உறுப்புகளை அளப்பது எப்படி?

பால்மரம் வெட்டிப் பழகிய கைகளுக்கு மில்லிமீட்டரைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை. மரத்தில் காயம் படாமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டுகிறார்களே, அதைவிடவா நுட்பமான வேலை? ஆனால் கை அறிந்ததை எண்ணாக எழுதிக்காட்டச் சொன்னால் அங்கேதான் தயங்குகிறோம். 1972ஆம் ஆண்டில் பினாங்கு பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கிய பிறகு, தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே பொருளைச் சோதிக்கும் மேசையில் உட்கார வேண்டுமானால், அளந்து எண் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இடைநிலைப் பள்ளியில் பிள்ளைகள் ‘அங்குப் வெர்னியர்’ என்று மலாயில் படிக்கிற கருவியைத்தான் நாம் வெர்னியர் காலிபர் என்கிறோம். இதில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று அசையாதது, மில்லிமீட்டர் கோடுகள் கொண்டது. மற்றது அதன்மேல் நகரும் சிறிய கோல். சாதாரணக் கருவியில், சிறிய கோலின் 10 பிரிவுகள் 9 மில்லிமீட்டருக்குள் அடங்கும். ஒவ்வொரு பிரிவும் ஒரு மில்லிமீட்டரைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. இந்தக் குறைவுதான் நமக்கு உதவுகிறது.

கால் வாட் மின்தடை ஒன்றை, அதாவது வானொலிப் பெட்டிக்குள் வண்ண வளையங்களோடு இருக்குமே அந்த ரெசிஸ்டரை, தாடைகளுக்கு இடையே வையுங்கள். சிறிய கோலின் சுழி 6ஐத் தாண்டி நிற்கிறது. சிறிய கோலில் எந்தக் கோடு மேலே உள்ள கோட்டோடு நேராகப் பொருந்துகிறது என்று பாருங்கள். மூன்றாவது கோடு பொருந்தினால் நீளம் 6.3 மில்லிமீட்டர். கண்ணை நேர் எதிரே வைத்துப் பார்க்கவேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் அடுத்த கோடு பொருந்துவதுபோல் ஏமாற்றும்.

அளப்பதற்கு முன் தாடைகளை மூடிப்பாருங்கள். சுழியும் சுழியும் சேரவேண்டும். சேராமல், சிறிய கோலின் சுழி வலப்பக்கம் தள்ளி நின்று மூன்றாவது கோடு பொருந்தினால், அந்தக் கருவி எதை அளந்தாலும் 0.3 கூட்டித்தான் சொல்லும். அதைக் கழித்துவிட வேண்டும். பரீட்சையில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனி ஐ.சி. எனப்படும் கறுப்புச் சில்லுக்கு வருவோம். பலகைத் துளைகளில் கால் நுழைத்துப் பொருத்தும் வழக்கமான ஐ.சி.யின் கால்களுக்கு இடையே உள்ள தூரம் 2.54 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. பள்ளி அளவுகோலை வைத்து ஓர் இடைவெளியை மட்டும் அளந்தால் இரண்டரை என்றுதான் படும். 0.04 தானே, போகட்டும் என்று விட்டுவிடலாமா? 40 கால் ஐ.சி.யில் ஒரு பக்கத்துக்கு 20 கால்கள், 19 இடைவெளிகள். இரண்டரை என்று வைத்துத் துளையிட்டுக்கொண்டே போனால் கடைசிக் காலுக்கு 0.76 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். கால் அந்தத் துளையில் இறங்காது, பலகை வீண்.

ஆகவே ஒன்றை அளக்காதீர்கள்; மொத்தத்தை அளந்து வகுங்கள். முதல் காலின் வெளி விளிம்பிலிருந்து கடைசிக் காலின் வெளி விளிம்பு வரை 48.7 வருகிறது. ஒரு காலின் அகலம் 0.5. அதைக் கழித்தால் 48.2. அதை 19ஆல் வகுத்தால் 2.537. மொத்தத்தில் 0.1 தவறிப்போனாலும் ஓர் இடைவெளிக்கு வரும் பிழை 0.005 தான். விலை உயர்ந்த கருவி செய்யும் வேலையை வகுத்தல் கணக்கு செய்துவிடுகிறது பாருங்கள்!

மெல்லிய கம்பிக்கும் இதே வழிதான். மைக்ரோமீட்டர் இருந்தால் 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும். இல்லாவிட்டால் பென்சிலில் 20 சுற்று நெருக்கமாகச் சுற்றி, சுற்றுகளின் மொத்த அகலத்தை அளங்கள். 10 மில்லிமீட்டர் வந்தால் கம்பியின் தடிமன் 0.5. கம்பிமேல் பூசியிருக்கும் எனாமலும் இதில் சேர்ந்தே வரும்.

கைத்தொலைபேசிக்குள் இருப்பவை இன்னும் சிறியவை, 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 அகலம் என்றெல்லாம் உண்டு. தாடையில் பிடித்தால் தெறித்து ஓடும், அழுத்தினால் விளிம்பு உடையும். ஒட்டும் நாடாவில் பதித்து, அருகே அளவுகோலை வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்பதே மேல்.

எண்களாகவே காட்டும் மின்னணுக் காலிபர் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அது இரண்டு தசமம் காட்டுவதால் இரண்டாவது தசமத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம். மூன்று முறை அளந்து பாருங்கள். கடைசி இலக்கம் மாறும்.

காலிபர் உலோகம். மின்சாரம் ஓடும் பலகைமேல் அதை வைக்கக்கூடாது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் மின்தேக்கிகள், இணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதைப் பிள்ளைகள் திறக்கவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் கை வியர்வையைத் துடைத்து, துளி எண்ணெய் தடவி, தாடைகளைச் சற்றே விலக்கிவைத்து உறையில் போடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் துருப்பிடிக்க வெகுநாள் ஆகாது.