யோசனை அதிகம்: விக்ரம் படேலின் முப்பதாண்டுப் பணி



தம் மகனின் பெயரை மேடையில் சொல்ல வேண்டாம் என்று, இந்த அறக்கட்டளையை நிறுவிய அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே ஆகட்டும். "அவனைப்பற்றிப் பேசாதீங்க, அவனை மாதிரி இருக்கிறவங்களை யார் பார்த்துக்கிறதுன்னு பேசுங்க" என்றார்கள். அதனால் அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்த ஒரு மனநல மருத்துவரைப்பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்தொரு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் மனநல சமூகப்பணியாளராக இருந்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், களையெடுப்புக்குப் போகும் ஒரு பெண் என்னிடம் வந்தார். உச்சந்தலை எரியுது, உடம்பெல்லாம் இழுக்குது, ராத்திரி பூரா ஒரே யோசனை என்றார். என் கையில் அச்சடித்த படிவம் இருந்தது. "மனச்சோர்வு இருக்கிறதா?" என்று அதில் உள்ளபடியே கேட்டேன். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டு, சத்து மாத்திரைக்குச் சீட்டு எழுத அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்து அவரை அவசரப் பிரிவில் பார்த்தேன். பிழைத்துக்கொண்டார். அவர் தமக்கு என்ன நோய் என்று முதல் நாளே தமிழில் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்குத்தான் கேட்கவில்லை.

விக்ரம் படேலின் எழுத்தை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தார்.

படேல் மும்பையில் பிறந்தவர். அங்கே மருத்துவம் முடித்து, ஆக்ஸ்ஃபோர்டிலும் லண்டனிலும் மேற்படிப்புப் படித்தவர். 1993-இல் ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேவுக்கு ஆராய்ச்சிக்குப் போனார். போகும்போது அவருக்கு ஓர் உறுதியான எண்ணம் இருந்தது. மனச்சோர்வு நோய் என்பது மேற்கத்திய மருத்துவம் தன் மக்களைப் பார்த்து வகுத்துக்கொண்டது, ஆப்பிரிக்காவின் துயரத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது பொருந்தாது என்று நினைத்தார். அதை நிறுவத்தான் போனார். நாட்டு வைத்தியர்களையும் செவிலியர்களையும் நோயாளிகளையும் தேடிப்போய், அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துக் கேட்டார். ஷோனா மொழியில் மக்கள் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: குஃபுங்கிசிசா. அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் ஊரில் 'யோசனை' என்று ஒற்றைச் சொல்லில் பெண்கள் சொல்வது இதையேதான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை, சாவைப்பற்றிய நினைப்பு எல்லாம் வரிசையாக வந்தன. நோய் அங்கேயும் இருந்தது. பெயர்தான் வேறு. தாம் நினைத்து வந்தது தவறு என்று அவர் எழுதினார், மேடைகளிலும் சொன்னார். ஓர் ஆராய்ச்சியாளரின் வாழ்க்கை தம் தவறை ஒப்புக்கொள்வதில் தொடங்கியது என்பதே எனக்கு அவர்மேல் உள்ள மரியாதையின் வேர்.

அந்த மக்களின் சொற்களைக் கொண்டே 14 கேள்விகள் அடங்கிய ஷோனா வினாப்பட்டியலை அவரும் உடன் பணிபுரிந்தவர்களும் உருவாக்கினார்கள். என் படிவத்தில் இல்லாமல் போனது அதுதான்.

ஹராரேயில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த நாடு முழுவதற்கும் ஒரு டஜன் அளவுக்குத்தான் மனநல மருத்துவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தலைநகரில். மருத்துவர் எண்ணிக்கை கூடும்வரை நோயாளி காத்திருக்க முடியுமா? 2003-இல் வெளிவந்த 'மனநல மருத்துவர் இல்லாத இடத்தில்' என்ற அவருடைய நூல் இந்தக் கேள்விக்கு எழுதிய பதில். டேவிட் வெர்னரின் புகழ்பெற்ற 'டாக்டர் இல்லாத இடத்தில்' நூலின் வழியில், செவிலியரும் சுகாதாரப் பணியாளரும் கையில் வைத்துக்கொண்டு வேலைசெய்வதற்கென்றே எழுதப்பட்டது.

1996-இல் கோவாவில் நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய 'சங்காத்' அமைப்பில்தான் அந்தப் பதில் சோதனைக்கு உள்ளானது. 'மானஸ்' என்ற ஆய்வில் 24 மருத்துவ நிலையங்கள், பாதி அரசுடையவை, பாதி தனியாருடையவை. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக உட்கார வைத்தார்கள். முடிவுகள் 2010-இல் லான்செட் இதழில் வெளியாயின. அரசு நிலையங்களில் ஆறு மாதத்தில் தேறியவர்கள், ஆலோசகர் இருந்த இடத்தில் 65.9 சதவீதம், இல்லாத இடத்தில் 42.5 சதவீதம். தனியார் நிலையங்களிலோ வித்தியாசமே தெரியவில்லை. பலன் கிடைத்த பாதியை மட்டும் பெரிதாகக் காட்டியிருக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே அச்சிட்டார்கள்.

மருத்துவ மாணவர்களே, அதற்கடுத்த ஆய்வை நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வில் இருந்த 495 பேரிடம் செய்தது. 2017-இல் வெளியானது. சிகிச்சை ஆறிலிருந்து எட்டு அமர்வுகள். நோயாளி எந்தெந்தக் காரியங்களைக் கைவிட்டுவிட்டாரோ, அவற்றில் சிறியதாக ஒன்றை எடுத்து மறுபடியும் செய்ய வைப்பது, அதை அடுத்த வாரம் பேசுவது. கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதியில் நாமே அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவோம். அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆலோசகர்கள் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, வாராவாரம் ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் பதிவை மற்றவர்கள் கேட்டு மதிப்பெண் இட்டார்கள். நிபுணர் போட்ட மதிப்பெண்ணோடு அவர்கள் மதிப்பெண் ஒத்துப்போகிறதா என்றும் பார்த்தார்கள். 'இந்த இடத்தில் நீ குறுக்கே பேசிட்டே, அவர் சொல்ல வந்ததை நிறுத்திட்டார்' என்று சக பணியாளர் சொல்லும்போது வருகிற கல்வி எந்த வகுப்பறையிலும் வராது. எனக்கு அப்படிச் சொல்ல அன்று யாரும் இல்லை.

இந்தப் பணிக்கு எதிர்ப்பும் உண்டு. மனநல மருத்துவர் டெரெக் சம்மர்ஃபீல்டு போன்றோர், வறுமைக்கு நோய்ப்பெயர் வைத்து மேற்கத்திய மருத்துவத்தை ஏழை நாடுகளில் விற்கிறீர்கள் என்று கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் படேல் வறுமையைப் பார்க்காதவர் அல்லர். கோவாவில் பிரசவித்த தாய்மாரை அவரும் குழுவினரும் தொடர்ந்து கவனித்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தது. பசி, கணவனின் அடி, பிறந்தது பெண் குழந்தை என்பது, இவையெல்லாம் அதற்குக் காரணங்களாக அந்த ஆய்வுக் கட்டுரையிலேயே பதிவாகியிருக்கின்றன. அடிவாங்கிய பெண்ணுக்கு நீதியும் வேண்டும், இன்றிரவு தூக்கமும் வேண்டும். இரண்டில் ஒன்று வரட்டும் என்று அவரைக் காக்கவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நம் மாநிலத்துக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் சங்காத்தும் கூட்டுச்சேர்ந்து செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேர். மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கே போய் வந்தபோது கூடுதல் பலன் கிடைத்தது. பலன் மிதமானதுதான். 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியதைப் பார்த்த மாநிலத்தில், வீட்டு வாசலுக்கு ஓர் ஆள் வருவதை மிதமானது என்று நான் தள்ளமாட்டேன்.

ஜிம்பாப்வேயில் அந்த 14 கேள்விகள் இன்னொரு மருத்துவர் கைக்குப் போயின. டிக்சன் சிபாண்டா. 2005-இல் அவருடைய நோயாளியான இளம்பெண் ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் காசு இல்லை என்று அவளுடைய தாய் சொன்னார். மறு ஆண்டு, ஹராரேயின் எம்பாரே பகுதியில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப்பெஞ்சில் உட்கார வைத்தார். 'நட்புப் பெஞ்சு' என்று பெயர். பாட்டிமார் அந்த ஷோனா கேள்விகளைக் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்கள். 573 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2016-இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பெஞ்சுக்கு வந்தவர்களிடம் நோயின் அறிகுறிகள் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன.

அம்மா, இந்த ஆண்டு அறக்கட்டளையின் வட்டிப் பணத்தை என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். நம் வட்டாரத்தில் மனநலப் பயிற்சி முடித்த கிராம சுகாதாரச் செவிலியர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். பயிற்சி முடிந்தபிறகு அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை. மாதம் இருமுறை ஓர் இடத்தில் கூடி, தாங்கள் பேசியதைத் தாங்களே கேட்டுப் பார்க்க, அவர்களுக்குப் பேருந்துக் காசும் மதியச் சாப்பாடும் கொடுங்கள். முதல் கூட்டத்துக்கு நான் வருகிறேன். அந்தக் களையெடுப்புப் பெண்ணிடம் நான் பேசியதை நினைவிலிருந்து அப்படியே சொல்கிறேன். எங்கே தவறினேன் என்று அவர்கள் சொல்லட்டும்.