வண்டி வீடும் வாய்மையும்



ஒரு பொருளைக் குறிக்கத் தமிழில் மூன்று சொற்கள் உள்ளன. உள்ளத்தோடு தொடர்புடையது உண்மை. வாயோடு தொடர்புடையது வாய்மை. மெய்யாகிய உடம்போடு தொடர்புடையது மெய்மை. தமிழாசிரியர்கள் வகுப்பறையில் சொல்லும் விளக்கம் இது. மூன்றும் ஒன்றாக நிற்கும் இடத்தில் சிக்கல் இல்லை. மூன்றும் பிரிந்து நின்றால் எழுத்தாளன் எதன் பக்கம் நிற்பது? இவ்வினாவிற்கு விடை தேட, அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1960ஆம் ஆண்டில் மேற்கொண்ட ஒரு நெடும்பயணம் நல்ல துணையாகும்.

அப்போது ஸ்டைன்பெக்கிற்கு வயது 58. முந்தைய ஆண்டின் இறுதியில் உடல்நலம் குன்றி மருத்துவமனையில் இருந்தவர். அவருடைய கவலையோ உடம்பைப் பற்றியதன்று. கால் நூற்றாண்டுக் காலமாகத் தம் நாட்டை நேரில் காணாமல் நினைவிலிருந்தே எழுதிவருகிறோம் என்னும் குற்றவுணர்வு அவரை வாட்டியது. அறியாத ஒன்றைப் பற்றி எழுதுவது எழுத்தாளனுக்குக் குற்றம் என்றே அவர் கருதினார்.

ஆகவே ஒரு சிறு சரக்கு வண்டியின் மீது வீடு ஒன்றைப் பொருத்தித் தரச் செய்தார். படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, எழுதுமேசை எல்லாம் அதனுள் இருந்தன. டான் குயிக்சாட்டின் நோஞ்சான் குதிரைக்கு செர்வான்டிஸ் இட்ட பெயரையே அவ்வண்டிக்கும் சூட்டினார். ரோசினாண்டே என்று வண்டியின் பக்கத்தில் எழுதியும் வைத்தார். உற்ற துணை, சார்லி என்னும் முதிய பூடில் நாய். துணி துவைக்கவும் அவர் ஒரு வழி கண்டிருந்தார். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் வாளியை இழுபடும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அதில் நீரும் சவர்க்காரமும் அழுக்குத் துணியும் இட்டுவிடுவார். நாளெல்லாம் சாலையின் குலுக்கலே துவைத்துக் கொடுத்துவிடும்.

லாங் ஐலண்டில் உள்ள சாக் ஹார்பர் இல்லத்திலிருந்து, டோனா புயல் வீசி ஓய்ந்த பின், 1960 செப்டம்பரில் பயணம் தொடங்கியது. ஏறத்தாழ 10,000 மைல். வடக்கே மெய்ன் மாநிலத்தின் உருளைக்கிழங்கு வயல்கள், பின் நயாகரா, சிகாகோ, மின்னசோட்டா, டகோட்டா, மான்டனா, சியாட்டில், கலிபோர்னியா, டெக்சஸ், நியூ ஆர்லியன்ஸ் என நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பெருஞ்சாலைகளை இயன்றவரை தவிர்த்தார்.

வழியில் அவர் கருத்தைக் கவர்ந்தவற்றுள் ஒன்று, சக்கரத்தின் மேல் வாழும் மக்களின் குடியிருப்பு. இழுத்துச் செல்லத்தக்க நீண்ட வீடுகள் வரிசையாக நிற்கும் இடங்களில் அவர் பலரோடு உரையாடினார். வேரில்லாமல் பிள்ளைகளை வளர்க்கிறோமே என்னும் கவலை உண்டா என்று ஒரு குடும்பத்தாரிடம் வினவினார். இத்தாலியக் குடியானவர் ஒருவரின் மகனான அக்குடும்பத் தலைவரோ, வேரூன்றி வாழ்ந்த தம் முன்னோர் கண்ட வறுமையை எடுத்துக்காட்டி, வேரில் என்ன பெருமை என்று திருப்பிக் கேட்டதாக நூல் கூறுகிறது. இடம்பெயர்ந்தோரின் துயரை 'கோபத்தின் கனிகள்' என்னும் நாவலாக 1939இல் எழுதிய கை, வேரின்மையும் ஒரு வாழ்க்கை முறையாகலாம் என்பதை இங்கே எழுத நேர்ந்தது.

மின்னசோட்டாவில் சாக் சென்டர் என்னும் சிற்றூர் உள்ளது. அமெரிக்கர்களில் முதன்முதலாக, 1930இல், இலக்கிய நோபல் பரிசு பெற்ற சின்கிளேர் லூயிஸ் பிறந்த ஊர் அது. 1920இல் வெளிவந்த 'மெயின் ஸ்ட்ரீட்' நாவலில் தங்களைத்தான் எள்ளி நகையாடினார் என்று ஊரார் அவர்மேல் சினம் கொண்டிருந்தனர். 1951இல் லூயிஸ் மறைந்தார். ஸ்டைன்பெக் சென்றபோது, லூயிஸின் பிறப்பிடம் என்னும் பெருமை வாசகம் சாலையோரம் வரவேற்றது. அவர் அங்கே நிற்கவில்லை, விரைந்து கடந்துவிட்டார். உயிரோடிருக்கையில் வெறுத்த எழுத்தாளனை இறந்தபின் ஊர்ச் சொத்தாக்கிக்கொள்ளும் வழக்கம் அவருக்குப் புதிதன்று. அவருடைய 'கோபத்தின் கனிகள்' கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்ட நூலகங்களில் 1939இல் தடை செய்யப்பட்ட நூல்தானே!

கலிபோர்னியாவின் ரெட்வுட் காட்டில், கிறித்துவுக்கு முந்தைய காலத்து மரங்களின் அடியில், மனிதர் தாமாகவே குரல் தாழ்த்திப் பேசுவதைக் கண்டார். மரங்களின் இந்தத் தொல்தோட்டம் கோயிலுக்கு நிகரானது என்பது அவர் எண்ணம்.

அதன்பின் மான்டரே. இளமைக் காலத்துத் தோழர் ஒருவரின் மதுக்கடையில் பழைய நாட்கள் பேசப்படுகின்றன. ஊரோடு வந்து தங்கிவிடு என்று தோழர் வற்புறுத்துகிறார். ஆனால் பேச்சில் வரும் பெயர்களில் பல இறந்தோர் பெயர்கள். ஊரும் மாறிவிட்டது, அவரும் மாறிவிட்டார். திரும்பி வந்தவர் அங்கே ஓர் ஆவியாகத்தான் உலவ முடிந்தது. புறப்படுமுன் ஃபிரீமான்ட் சிகரத்தின் மீதேறி, ஒருபுறம் தாம் பிறந்த சாலினாஸ் பள்ளத்தாக்கையும் மறுபுறம் கடலையும் நோக்கி நின்றார். சிறுவனாக இருந்தபோது அச்சிகரத்தில் தம்மைப் புதைக்க வேண்டும் என்று அவர் விரும்பியதுண்டு. 1968 டிசம்பரில் அவர் மறைந்தபின் அவருடைய சாம்பல் சிகரத்திற்குச் செல்லவில்லை. 'நினைவுகளின் தோட்டம்' எனப் பெயர் கொண்ட சாலினாஸ் இடுகாட்டில், உறவினர் நடுவே அடங்கியது.

பயண நூல் 'சார்லியுடன் பயணங்கள்' 1962இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அதே ஆண்டு நோபல் பரிசும் அவரை வந்தடைந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பெரும்பாலோர் அந்நூலை ஐயுறவில்லை.

2010இல் பில் ஸ்டைகர்வால்ட் என்னும் இதழாளர் அதே வழியில் வண்டியோட்டிச் சென்றார். ஸ்டைன்பெக்கின் கடிதங்களையும் நூலின் கையெழுத்துப் படியையும் ஒப்பிட்டார். தனிமைப் பயணம் என்று எழுதப்பட்டதில் பல நாட்கள் மனைவி எலெய்ன் உடன் இருந்தார். பல இரவுகள் வண்டியில் அல்ல, விடுதிகளில் கழிந்தன. வடக்கு டகோட்டாவின் ஆலிஸ் என்னும் ஊரருகே, ஊர் ஊராகச் சென்று ஷேக்ஸ்பியரை நடிக்கும் ஒரு நடிகரைச் சந்தித்ததாக நூல் கூறும் நாளில், அவர் மேற்கே நெடுந்தொலைவில் பீச் என்னும் ஊரில் விடுதி ஒன்றில் இருந்தார் என்பதை மனைவிக்கு எழுதிய கடிதமே காட்டியது. பின்னர் 2012இல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஜே பரினி, இந்நூலைச் சொல்லுக்குச் சொல் நடந்ததாகக் கொள்ளலாகாது என்னும் குறிப்பைச் சேர்க்க நேர்ந்தது.

இனி நாவலாசிரியர் நாவலாசிரியராகவே எழுதினார் என்று அமைதி கூறுவோர் உளர். ஏமாற்றிவிட்டார் என்று சினப்போரும் உளர். இரு சாராரும் நூலின் இறுதிப் பகுதியை மறந்துவிடுகின்றனர்.

1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளியில், அதுவரை வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே பயின்ற இடத்தில், ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் அடியெடுத்து வைத்தாள். கூட்டாட்சிக் காவல் அலுவலர்கள் அவளைச் சூழ்ந்து அழைத்துச் சென்றனர். நாள்தோறும் காலையில் பெண்கள் சிலர் பள்ளியின் முன் கூடி, அக்குழந்தையை நோக்கி இழிசொற்களைக் கூவினர். அதைக் கைதட்டி மகிழ ஒரு கூட்டமும் நின்றது. ஸ்டைன்பெக் தம் வண்டியை வேறிடத்தில் நிறுத்திவிட்டு, அக்கூட்டத்தினிடையே நின்று கண்டார், கேட்டார், அருவருப்பினால் உடல் குமட்டியது. கேட்ட சொற்களை அப்படியே எழுதினார். அச்சான நூலில் அவை இல்லை, வெளியீட்டின்போது நீக்கப்பட்டன.

எண்ணிப் பாருங்கள். ஆலிஸ் ஊரருகே மெய் இல்லாத இடத்தில் வாய் பேசியது, யாரும் தடுக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸில் மெய் நின்று கண்டதை வாய் சொல்ல முற்பட்டது. அதற்கு இடமில்லாமற் போயிற்று. இனிய கற்பனைக்கு அச்சகம் கதவு திறந்தது. கசந்த மெய்மைக்குக் கதவடைத்தது. இந்நூலின் மீது சொல்லத்தக்க குற்றச்சாட்டு ஸ்டைன்பெக்கை மட்டும் சாராது. இனியதையே கேட்க விழையும் வாசக உலகத்தையும் சாரும்.

ஆயினும் எழுத்தாளர் முற்றிலும் விடுபடுவதற்கில்லை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று வருபவன், பெறாது வருபவனை எதிர்ப்பட்டு வழி கூறுவது அவ்விலக்கியத்தின் அமைப்பு. புலவன் உவமையைப் பெருக்கலாம்; மன்னனைப் புகழலாம். வழியைப் பிழைபடக் கூறலாமோ? கேட்பவன் அவ்வழியில் நடக்கப் போகிறவன். பயண நூலும் அத்தகையதே. புனைவு கலந்தது என்று ஒரு வரி முன்னுரையில் இருந்திருந்தால், அந்த நடிகரும் வாழ்ந்திருப்பார். ஆசிரியரின் நம்பகமும் குன்றாதிருந்திருக்கும். பொய் கலந்ததால் வந்த பெருங்கேடு ஒன்றுண்டு: நியூ ஆர்லியன்ஸ் காட்சியையும் ஐயுற ஒருவன் துணியலாம். கற்பனை நடிகர் ஒருவர், கண்ணெதிரே நடந்த ஒரு குழந்தையின் துன்பத்திற்குச் சான்று கூற வேண்டிய குரலை நலிவடையச் செய்துவிட்டார்.

ரோசினாண்டே இன்று சாலினாஸில், 1998இல் திறக்கப்பட்ட தேசிய ஸ்டைன்பெக் மையத்தில் நிற்கிறது. காண வருவோர் அதன் சன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்க்கின்றனர்.

நூலின் முடிவு நகைச்சுவையானது. வர்ஜீனியாவின் அபிங்டன் ஊரருகிலேயே பயணம் தம்மை விட்டுப் போய்விட்டது என்கிறார் ஆசிரியர். அதன்பின் ஓடியது வண்டி மட்டுமே. நாடு முழுதும் சுற்றியவர், இறுதியில் தாம் வாழும் நியூயார்க் நகரத்துத் தெருவிலேயே வழி தவறி, சாலையோரம் வண்டியை நிறுத்திச் சிரிக்கிறார். காவலர் ஒருவரிடம் வீட்டிற்கு வழி கேட்கிறார்.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்பி, நின்று, வழி கேட்டவரின் சொல் அது. நூலில் வாசகன் ஐயமின்றிப் பின்தொடரக்கூடிய வழியும் அங்கேதான் தொடங்குகிறது.